பாலைவனத்தில் ரயர்க் காற்றை ஏன் இறக்குகிறார்கள்?

பருத்தித்துறை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். டுபாயில் வேலை செய்யும் மகனிடம் போன இடத்தில், பின்னேரம் பாலைவனச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போனார்களாம். தார் றோட்டு முடிந்த இடத்தில் சாரதி இறங்கி நாலு ரயரிலும் காற்றைத் திறந்துவிட்டாராம். "நல்லா இருந்த ரயரிலை காத்தை ஏன் இறக்கிறான் எண்டு மகனைக் கேட்டன். அவனுக்கும் வடிவாத் தெரியேல்லை. மணலுக்கை போறதெண்டால் ரயர் இறுக்கமா இருக்கிறதுதானே நல்லது?"

இறுக்கமாக இருந்தால் புதையும். ஏன் என்பதற்குப் பாதி விடை சாதாரண தர விஞ்ஞானத்திலேயே இருக்கிறது. அமுக்கம் என்றால் விசையைப் பரப்பளவால் பிரிப்பது. ஆட்களோடு சேர்த்து 3000 கிலோ நிறையுள்ள ஒரு லாண்ட் குறூசரில் ஒவ்வொரு சில்லும் 750 கிலோவைத் தாங்குகிறது. றோட்டில் ஓடும்போது ரயருக்குள் 35 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.5 கிலோ. அந்தக் காற்று 750 கிலோவைத் தூக்கி நிற்க 300 சதுர சென்ரிமீற்றர் நிலம் வேண்டும். காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அதே நிறைக்குக் கிட்டத்தட்ட 700 சதுர சென்ரிமீற்றர் வேண்டும். வண்டி தாழ்ந்து, ரயர் சப்பையாகி, அந்தப் பரப்பை நிலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ரயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் உண்மையான எண் சற்றுக் குறையும். ஆனால் போக்கு இதுதான்.

ரயர் சப்பையாகும்போது அகலமாகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சந்தான் கூடும். கூடுவது நீளம். 24 சென்ரிமீற்றர் அகல ரயர் ஒன்று முதலில் 12, 13 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நிலத்தைத் தொட்டிருந்தால், காற்றை இறக்கிய பிறகு 29 சென்ரிமீற்றர் வரை தொடுகிறது. இதில் இன்னொரு இலாபமும் உண்டு. மணலில் உருளும் சில்லு தனக்கு முன்னால் இருக்கும் மணலைத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். ரயர் அகலமானால் தள்ளவேண்டிய மணலும் கூடும். நீளமானால் கூடாது, பின்பகுதி முன்பகுதி அமத்திவிட்ட தடத்திலேயே வருகிறது.

மற்றப் பாதி விடை மணலுக்குள் இருக்கிறது. காய்ந்த மணலில் ஒரு மணியையும் மற்ற மணியையும் ஒட்டிவைக்க எதுவும் இல்லை. இருப்பது உராய்வு மட்டும். உராய்வு எவ்வளவு என்பது மணிகள் ஒன்றையொன்று எவ்வளவு நெருக்கி அமத்துகின்றன என்பதில் தங்கியிருக்கிறது. சாக்கில் இறுகக் கட்டிய நெல்லின் மேல் ஏறி நிற்கலாம், அதே நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு ஏறினால் முழங்கால் வரை போகும். நெல் மாறவில்லை, பக்கத்திலிருந்து நெருக்கிய சாக்குத்தான் இல்லாமற் போனது. பாலைவன மணலின் மேற்பரப்பில் சாக்கு இல்லை. ஆழத்தில் மேலே உள்ள மணலின் பாரமே சாக்காகிறது. ஆகவே ஒரு சில்லு அமத்தும்போது அதன் கீழுள்ள மணிகள் பக்கவாட்டிலும் முன்னாலும் வழுகி மேலே வழிகின்றன. சில்லு இறங்குகிறது. நெருக்கம் போதிய ஆழம் வந்ததும் நிற்கிறது. காற்றைக் குறைப்பதன் பயன் அந்த ஆழத்தைக் குறைப்பது. 15 சென்ரிமீற்றர் பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும் சில்லுக்கும் 5 சென்ரிமீற்றர் பள்ளத்திலிருந்து ஏறும் சில்லுக்கும் எஞ்சின் கொடுக்கவேண்டிய பலம் ஒன்றல்ல.

மணிகளின் நெருக்கத்தைக் கண்ணால் பார்க்க டுபாய்க்குப் போகத் தேவையில்லை. காரைநகர் கசூரினாக் கடற்கரையில் அலை இப்போதுதான் வற்றிய ஈர மணலில் வெறுங்காலை ஊன்றிப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு மணல் சட்டென்று வெளிறிக் காயும். காலை எடுத்ததும் அந்த இடத்தில் தண்ணீர் ஊறும். அமத்தினால் தண்ணீர் வெளியே வரவேண்டும், இங்கே உள்ளே போகிறது! நன்றாக இறுகிய மணிகள் ஒன்றின் இடுக்கில் ஒன்று அமர்ந்திருக்கின்றன. அவற்றை நகர்த்தினால், பக்கத்து மணியின் முதுகில் ஏறித்தான் கடக்கமுடியும். எல்லா மணியும் ஏறும்போது இடைவெளிகள் பெருகுகின்றன, மணலின் கனவளவே கூடுகிறது. புதிதாக உண்டான இடைவெளிக்குள் மேற்பரப்புத் தண்ணீர் இழுபடுகிறது. 1885இல் ஒஸ்போர்ன் றெயினோல்ட்ஸ் இதை விளக்கினார், குழாயில் ஓடும் திரவங்களுக்கு றெயினோல்ட்ஸ் எண் என்று படிக்கிறோமே, அதே றெயினோல்ட்ஸ்.

இறுகிய மணல் நகர்வதற்கு விரியவேண்டும். விரிவதற்கு மேலே நிற்கும் 750 கிலோவைத் தூக்கவேண்டும். அதனால்தான் அது அசையாமல் தாங்குகிறது. தளர்ந்த மணலுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அது நகரும்போது உள்ளே சரிந்து இன்னும் சுருங்கும். சாரதி கண்ணால் தேடுவது இந்த வித்தியாசத்தைத்தான். மணற்குன்றில் காற்று ஏறும் பக்கம் 10, 15 பாகைச் சாய்வில், பறந்துவந்த மணிகள் அடித்து அடித்து இறுக்கியதாக இருக்கும். உச்சிக்கு அப்பால் விழும் பக்கம் ஏறத்தாழ 32 முதல் 34 பாகை. காய்ந்த மணல் தானாக நிற்கக்கூடிய ஆகக்கூடிய சாய்வு அதுதான். அங்கே மணல் சரிந்து விழுந்து கிடக்கிறது, இறுகவில்லை. ஏறுவது இறுகிய பக்கத்தால், இறங்குவது சரிந்த பக்கத்தால் என்பதெல்லாம் இதிலிருந்து வருவது.

ஈரம் இன்னொரு கதை. மணிகளுக்கிடையில் சிறிதளவு தண்ணீர் இருந்தால் ஒவ்வொரு தொடுகையிலும் ஒரு சின்ன நீர்ப்பாலம் உண்டாகி, மேற்பரப்பு இழுவிசையால் மணிகளை இழுத்துப் பிடிக்கும். சைக்கிளோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் அலையோரத்து ஈர விளிம்பில் ஓடுவது இதனால்தான். தண்ணீர் கூடினால் பாலங்கள் ஒன்றாகிக் கரைந்துபோகும், மணல் கூழாகும். ஏறத்தாழ 3900 ஆண்டு பழைய எகிப்தியக் கல்லறை ஓவியம் ஒன்றில், பெரிய சிலையைச் சறுக்குவண்டியில் இழுக்கிறார்கள், முன்னால் ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். வெகுகாலம் இதைச் சடங்கு என்றே சொல்லிவந்தார்கள். 2014இல் ஆம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். சரியான அளவு ஈரம் இருந்தால் இழுக்கும் விசை அரைவாசியாகிறது. எங்கள் ஊரில் இது தலைகீழ். முறிகண்டியில் தேங்காய் உடைப்பதும் புது வாகனத்தின் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைப்பதும் அவரவர் மனத் திருப்தி, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் தேசிக்காய் வைத்த அன்றைக்காவது ரயர் அமுக்கத்தை அளந்து பார்க்கலாம்.

இனி மணலில் ஓட்டும் முறை. சில்லுகள் நாலுக்கும் பலம் போகவேண்டும், கியர் தாழ்வாக இருக்கவேண்டும். வழுக்கினால் எஞ்சினை அடக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் ஏற்றத்தின் நடுவில் அது பலத்தைப் பிடுங்கிவிடும். பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் சில்லுக்கு முன்னால் மணல் அணை கட்டிவிடும், பிறகு கிளம்ப முடியாது. வேகம் தானாக அடங்க விடவேண்டும், முடிந்தால் மூக்கு இறக்கத்தைப் பார்த்திருக்க. உச்சியை நெருங்கும்போது காலைத் தளர்த்தாவிட்டால் வண்டி பறக்கும், முந்தித் தளர்த்தினால் வயிறு உச்சியில் குந்திவிடும். சரிந்த பக்கத்தால் இறங்கும்போது நேரே இறங்கவேண்டும். குறுக்காகப் போனால் கீழ்ப்பக்கத்துச் சில்லுகளில் பாரம் கூடி, அவை புதைந்து, சாய்வு இன்னும் ஏறி, வண்டி புரளும். பக்கவாட்டில் வழுகத் தொடங்கினால் பிரேக் கூடாது, மூக்கைக் கீழே திருப்பி மெல்ல முடுக்கவேண்டும்.

புதைந்துவிட்டால் ஆட்கள் செய்யும் முதல் வேலை முடுக்குவது. அதுதான் செய்யவே கூடாதது. சுழலும் சில்லு மணலைப் பின்னால் வீசித் தனக்குத் தானே குழி தோண்டுகிறது. சில்லு இறங்க இறங்க வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்காருகிறது. அந்தக் கணத்திலிருந்து நிறையைத் தாங்குவது அடிப்பாகம், சில்லில் நிறை இல்லை. நிறை இல்லாத இடத்தில் உராய்வும் இல்லை. பிறகு எத்தனை குதிரைவலு இருந்தும் பயனில்லை. உடனே நிறுத்தி, ஆட்களை இறக்கி, அடியிலும் சில்லுக்கு முன்னும் பின்னும் மணலை வாரி, காற்றை 10, 12 வரைக்கும் இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்கவேண்டும். வந்த தடம் ஏற்கெனவே இறுகியது. இந்த அளவுக் காற்றோடு கூர்மையாகத் திருப்பினால் ரயரின் விளிம்பு றிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்று இறக்கும்போது 15க்குக் கீழே முதலிலேயே போகாதது அந்தப் பயத்தால்.

இந்த வித்தையின் பெரும்பகுதியை ஒழுங்காக்கியவர்களில் ஒருவர் ரால்ப் பாக்னோல்ட் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர். 1920களின் கடைசியில் எகிப்திலிருந்து போர்ட் கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போய், ரயர்க் காற்றைக் குறைப்பதையும் சில்லுக்குக் கீழே உருக்குத் தகடு வைப்பதையும் பழகினார். ஊர் திரும்பியபின் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, மணல் எப்படிப் பறக்கிறது என்று அளந்தார். பொழுதுபோக்கு என்று தொடங்கிய வேலை. செவ்வாய்க் கிரகத்தில் நாசாவின் கியூரியோசிற்றி ஊர்தி ஆராய்ந்த மணற்குன்றுகளுக்கு இன்று அவர் பெயர். எங்களிடம் வடமராட்சி கிழக்கில் மணற்காடு இருக்கிறது, பழைய அந்தோனியார் கோயிலையே மூடிய மணல். அதை டிப்பரில் கியூப் கணக்கில் எண்ணுகிற ஆட்கள் தாராளம், காற்றில் அது எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று எண்ண ஒரு மாணவருக்குச் செலவுக்காசு கொடுக்க ஆள் இல்லை என்பது என் ஆதங்கம். அங்கேயும் ஜீப் ஓட்டலாமே என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. அரபு நாட்டுக் குன்றுகளில் பெரும்பகுதி வெறும் மணல், காலையில் தடம் மறைந்துவிடும். எங்கள் கரையோரக் குன்றைப் பிடித்து வைத்திருப்பது இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது தாவரவியலாகவும் சரி. மணலுக்குள் வலையாக ஓடும் தண்டும் வேரும்தான் அந்தக் குன்றுக்குச் சாக்கு. சில்லு ஏறி அறுத்தால் குன்று ஊருக்குள் நடக்கத் தொடங்கும்.

ரயர் பாலைவனத்தில் செய்வதை ஒட்டகம் பிறவியிலேயே செய்கிறது. நெடுந்தீவுக் குதிரைக்கு ஒரே விரல், கடினமான குளம்பு, நிறை முழுவதும் அந்தச் சின்ன வட்டத்தில். ஒட்டகத்துக்கு இரண்டு விரல்கள், அவற்றின் கீழே கொழுப்பு மெத்தை உள்ள அகன்ற தோல் பாதம். ஊன்றும்போது பாதம் விரியும், தூக்கும்போது சுருங்கும். அதனால் புதைந்த காலை உருவுவதும் சுலபம். சவாரி செய்கிறவர் கவனிக்கவேண்டியது எழும்பும் கணம். ஒட்டகம் பின்னங்காலைத்தான் முதலில் முழுதாக நிமிர்த்தும், ஆள் முன்னால் கவிழப் பார்ப்பார். அப்போது பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் பிடிகம்பியைப் பிடிக்கவேண்டும். இருக்கும்போது முன்முழங்கால் முதலில் மடியும், அப்போதும் பின்னால்தான் சாயவேண்டும். நடக்கும்போது ஒரே பக்கத்து இரண்டு காலும் சேர்ந்து போவதால் ஆட்டம் பக்கவாட்டில் வரும். இடுப்பை இறுக்காமல் அதோடு ஆடவிட்டால் நோகாது.

முகாமில் சாப்பாடு குன்றோட்டத்துக்குப் பிறகுதான் வைப்பார்கள். காரணம் வயிறு. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, குமட்டும். மத்தியானம் அளவாகச் சாப்பிட்டு, முன் இருக்கையில் இருந்து, தூரத்து விளிம்பைப் பார்த்தால் குறையும். கர்ப்பிணிகளும் முதுகு, கழுத்து வருத்தம் உள்ளவர்களும் குன்றோட்டத்தைத் தவிர்த்து நேரே முகாமுக்குப் போவது நல்லது. மார்கழி, தை என்றால் ஒரு போர்வை கொண்டுபோங்கள். காய்ந்த மணல் மணிகளுக்கிடையில் காற்று அடைபட்டிருப்பதால் வெப்பத்தை மோசமாகக் கடத்தும். பகலில் மேல்தோல் மட்டும் கொதிக்கும், கீழே ஒரு சாண் ஆழத்தில் சூடு கணிசமாகக் குறைவு. சேமிப்பு இல்லாத அந்த மேல்தோல் பொழுதுபட்டதும் விரைவாக ஆறிவிடும். காற்றில் ஈரப்பதன் குறைந்த இரவுகளில் நிலம் இழக்கும் வெப்பத்தை மறித்துவைக்க ஆளில்லை. அதே கடத்தாத குணத்தால்தான், பெதூயின் மக்கள் இறைச்சியைத் தணலோடு குழிக்குள் வைத்து மணலால் மூடும்போது சூடு வெளியே போகாமல் சில மணித்தியாலத்தில் பதமாக வெந்துவிடுகிறது.

திரும்பும்போது தார் றோட்டில் ஏற முன் கொம்பிரசரால் ரயரை மறுபடி நிரப்பவேண்டும். 15 பி.எஸ்.ஐ.யோடு மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடினால், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடிந்து நிமிர்ந்து சூடேறி, கடைசியில் கிழியும். வளைவில் விளிம்பும் கழலலாம். ஒரு ரயருக்கு ஓரிரு நிமிடம் பிடிக்கும் வேலை, இருட்டிவிட்டது, பசி, அவசரம் என்று அரைகுறையாக விடுகிற சாரதிகளும் உண்டு. இறங்கி நின்று மானியைப் பாருங்கள். நாலிலும் 30க்கு மேல் வந்தபிறகு ஏறுங்கள்.