ஒரே கம்பத்தில் வரும் இரண்டு லைன்

ஓர் இடத்தின் இரண்டு நெட் லைனும் ஒரே நேரத்தில் நின்றுபோவது, இந்த மாதத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டு இடத்திலும் போனிலேயே பேசிச் சமாளித்தேன். மூன்றாவதுக்கு அப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொள்ளாச்சி–பாலக்காடு ரோட்டில், கோபாலபுரம் எல்லைக்குச் சற்று முன்னால் ஒரு பித் மில். தென்னைநார்த் தூளை அலசிக் காயவைத்து, கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு ஓனர் கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு நெட்டும் போச்சுங்க. கன்டெய்னர் லோடாகி நிக்குது. சாயங்காலத்துக்குள்ள வல்லார்பாடம் சேரோணும்." வல்லார்பாடம் என்றால் கொச்சியின் கன்டெய்னர் துறைமுகம்.

நான் போனபோது எட்டேகால். மில் கேட்டுக்கு எதிரே குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். முந்தின நாள் ராத்திரி ஜேசிபி கையைத் தூக்கியபடியே திரும்பியதில், கம்பத்துக்குக் கம்பம் போகிற ஒயர் மாட்டி அறுந்திருக்கிறது. இரண்டு கறுப்பு ஃபைபர், இரண்டு வேறு வேறு கம்பெனியுடையவை. இரண்டையும் சேர்த்து ஒரே கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். அறுந்த முனைகள் ஒரு சாண் இடைவெளியில் தொங்கிக்கொண்டிருந்தன.

சரி, போன் ஹாட்ஸ்பாட்டில் பில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தோம். இவர்களுடைய இன்வாய்ஸ், ஸ்டாக், எல்லாமே கிளவுட் மென்பொருளில்தான், அதாவது எங்கோ இருக்கும் சர்வரில் ஓடுவதை நெட் வழியாகத் திறக்க வேண்டும். திறந்தால் 'அனுமதி இல்லை' என்று வருகிறது. காரணம், பாதுகாப்புக்காக ஆபீஸ் லைனின் ஐபி முகவரியிலிருந்து (நெட்டில் அந்த லைனின் அடையாள எண்) மட்டுமே உள்ளே விடும்படி செய்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் மாற்று லைனின் முகவரியை அதில் யாரும் சேர்க்கவில்லை. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு எல்லை தாண்ட ஈ-வே பில் (அரசுத் தளத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும் (அரசுத் தளத்தில் பதிவாகும் பில்) கட்டாயம். மென்பொருள்காரர்களின் உதவி எண் பத்து மணிக்குத்தான் எடுக்கப்பட்டது. அனுமதி கிடைத்தபோது மணி பன்னிரண்டே முக்கால். வண்டி கிளம்பி, கப்பலுக்குச் சரக்கு சேர வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃப் தாண்டிப் போய்ச் சேர்ந்தது, கன்டெய்னர் அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடந்தது.

ஓனர் சத்தம் போடவில்லை. "ரெண்டு கம்பெனிக்கும் மாசா மாசம் பணம் கட்டறனுங்களே தம்பி, அப்புறம் எப்படிங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு பில் வருவதால் இரண்டு லைன் ஆகிவிடாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கஞ்சிக்கோடு வரை நான் பார்க்கிற எல்லா இடத்திலும் இதே நினைப்புதான். தயவுசெய்து இதை மாற்றிக்கொள்ளுங்கள். கம்பெனி வேறாக இருக்கலாம், கம்பம் ஒன்றாக இருந்தால் லைன் ஒன்றுதான். கம்பம் வேறாக இருந்து, முக்கு ஜாயின்ட் பாக்ஸ் ஒன்றாக இருந்தாலும் லைன் ஒன்றுதான். தெருவில் வேறு வேறாக வந்து, இரண்டு உள்ளூர் ஆபரேட்டரும் மேலே ஒரே பெரிய கம்பெனியின் ஒரே ஃபைபரில் சேர்ந்தால், அப்போதும் லைன் ஒன்றுதான். இரண்டு மோடத்துக்கும் ஒரே யுபிஎஸ், அதிலும் செத்துப்போன பேட்டரி என்றால், அதுவும் ஒன்றுதான். எத்தனை இருக்கிறது என்று எண்ணாதீர்கள். இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடுங்கள். அந்தப் பொதுவான ஒன்று போகிற அன்று எல்லாம் சேர்ந்து போகும்.

இவர்கள் காசு கொடுத்து வாங்குகிற கிளவுடின் மறுமுனையில், அதாவது டேட்டா சென்டருக்குள்ளே, இந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு படியிலும் கேட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒரு சர்வரிலிருந்து இரண்டு கேபிள், இரண்டு தனித்தனி லீஃப் சுவிட்சுக்கு. லீஃப் என்பது சர்வர்களை நேரடியாக இணைக்கும் கீழ்ப்படி, ஸ்பைன் என்பது லீஃப்களை இணைக்கும் மேல்படி. ஒவ்வொரு லீஃபும் மேலே உள்ள எல்லா ஸ்பைன் சுவிட்சோடும் இணைந்திருக்கும். ஸ்பைன் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று செத்தால் கால் பங்கு கொள்ளளவு குறையும், அவ்வளவுதான். பொள்ளாச்சியில் பில் போடுகிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இந்த அமைப்புக்கு அடிப்படை, 1953-இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் சார்லஸ் க்ளாஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எழுதிய கணக்கு. கரண்ட் இரண்டு வழியாக வரும். வெளியிலிருந்து ஃபைபர் கட்டடத்தின் இரண்டு பக்கமாக நுழையும், அதுவும் வேறு வேறு தெரு வழியாக.

உள்ளே இவ்வளவு பாதை எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் 'சேமி' என்று ஒருமுறை அழுத்தினால், அதற்காக உள்ளே பல மெஷின்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன. உங்கள் கணக்கு சரியா என்று ஒன்று பார்க்கும், டேட்டாபேஸ் ஒன்று எழுதும், அதன் நகல் இன்னொரு இடத்துக்குப் போகும். வெளியே வந்து போகிற டேட்டாவைவிட உள்ளுக்குள் அலைகிற டேட்டா பல மடங்கு அதிகம். ஒரே மெஷினில் அடங்காத அளவு டேட்டாவைப் பல மெஷினில் பிரித்துக் கையாளும் பிக் டேட்டாவில் இது இன்னும் கடுமை. அதற்கான மென்பொருளான ஹடூப் ஒவ்வொரு துண்டையும் வழக்கமாக 3 நகலாக வைக்கும். ஒன்று ஒரு ரேக்கில் (சர்வர்களை அடுக்கிய அலமாரி), மற்ற இரண்டும் வேறொரு ரேக்கில். ஒரு ரேக்கின் சுவிட்ச் முழுதாகப் போனாலும் டேட்டா பிழைக்கும். பொதுவான ஒன்று எது என்ற அதே கேள்விதான், ரேக் அளவில். அப்புறம் கணக்கிடும்போது எல்லா மெஷினும் எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் டேட்டா அனுப்புகிற ஒரு கட்டம் வரும். அந்த நேரத்தில் ஒரு லிங்க் திணறினால் மொத்த வேலையும் அதற்காகக் காத்திருக்கும். மாதக் கடைசி விற்பனை அறிக்கை ஒருநாள் பத்து நிமிடத்தில் வருகிறது, இன்னொரு நாள் ஒரு மணி நேரம் இழுக்கிறது என்று புலம்புகிறவர்கள், சர்வரைப் பெரிதாக்கச் சொல்வதற்கு முன்னால் நெட்வொர்க்கைப் பார்க்கச் சொல்லட்டும்.

இவ்வளவு செய்தவர்களும் தப்புவதில்லை. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் காணாமல் போனது நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கை மொத்தமாகத் துண்டித்தது. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, போய்ச் சேர வழிதான் இல்லை. பாதைகள் எத்தனையோ இருந்தன, எல்லாவற்றையும் ஒரே கட்டளையால் தொட முடிந்தது.

அதே வருடம் மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. சில வாடிக்கையாளர்களின் பேக்கப்பும் அதே கட்டடத்தில் இருந்தது. அதை நான் கஞ்சிக்கோட்டில் ஒருவரிடம் சொன்னபோது, "நம்மது பெரிய கம்பெனி கிளவுட், அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க" என்றார். இல்லை. நீங்கள் கேட்டு, காசு கொடுத்து, இன்னொரு ஊரில் வைக்கச் சொன்னால்தான் வைப்பார்கள். அமேசானுக்கு 2016 முதல் மும்பையிலும், 2022 முதல் ஹைதராபாத்திலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. மைக்ரோசாப்ட் 2015-லேயே புனே, மும்பை, சென்னை என்று மூன்று இடத்தில் தொடங்கியது. அதாவது வசதி நம் நாட்டிலேயே இருக்கிறது. உங்கள் மென்பொருள்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: என் டேட்டா எந்த ஊரில் இருக்கிறது, இரண்டாவது நகல் எந்த ஊரில் இருக்கிறது? பதில் சொல்லத் தடுமாறினால் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் பக்கத்து வேலைக்கு வருவோம். அரை நாள் ஒதுக்கினால் போதும். கேட்டிலிருந்து வெளியே வந்து, ஒயரைப் பார்த்துக்கொண்டே மெயின் ரோடு வரை நடந்து போங்கள். இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கினால் ஒன்றை நிறுத்திவிட்டு, அந்தக் காசுக்கு 4ஜி அல்லது 5ஜி ரவுட்டர் வாங்குங்கள். எல்லையோரத்தில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. கம்பி எல்லை தாண்டாவிட்டாலும் சிக்னல் தாண்டும். பல இடங்களில் கேரளப் பக்கத்து டவரும் தமிழ்நாட்டுப் பக்கத்து டவரும் கிடைக்கும். மொட்டை மாடியில் நின்று எது நிலையாக வருகிறது என்று பார்த்து சிம் வாங்குங்கள். மாற்று லைனிலிருந்தும் உள்ளே விட கிளவுட் மென்பொருளில் இன்றே ஏற்பாடு செய்யுங்கள். சிம் லைனின் முகவரி மாறிக்கொண்டே இருக்கும், அதனால் விபிஎன் (நெட்டுக்குள் தனிப் பாதுகாப்பான பாதை) வழியா, ஓடிபி வழியா என்று மென்பொருள்காரரையே கேளுங்கள். வண்டி நிற்கும்போது உதவி எண்ணைத் தேடாதீர்கள்.

அப்புறம் மேசைக்கு அடியில் கிடக்கும் அந்தச் சின்ன சுவிட்ச். போன மாதம் வேலந்தாவளத்தில் ஓர் ஆபீஸ் முழுக்க நெட் நின்றுவிட்டது. ஒயரின் ஒரு முனை தரையில் கிடப்பதைப் பார்த்து, கூட்டுகிற அக்கா அக்கறையாக எடுத்து காலியான ஓட்டையில் செருகியிருக்கிறார். மறுமுனையும் அதே சுவிட்சில்தான். டேட்டா அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, அதாவது லூப் ஆகி, எல்லாம் ஸ்தம்பித்துவிட்டது. அவரைத் திட்டினார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. லூப்பைத் தானே கண்டுபிடித்து அந்த போர்ட்டை அணைக்கிற சுவிட்ச் கடையில் கிடைக்கிறது. வாங்காதது யார் தப்பு?

எல்லாம் வைத்த பிறகு பிடுங்கிப் பாருங்கள், ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில். கும்பிட்டுக் கேட்கிறேன், இதை மட்டும் விடாதீர்கள்.

பித் மில்லில் போன ஞாயிறு அதைத்தான் செய்தோம். மெயின் ரவுட்டரிலிருந்து ஃபைபர் மோடத்துக்குப் போகிற லேன் கேபிளை உருவினேன். பத்து நொடியில் 4ஜிக்கு மாறிவிட்டது. ஓனருக்கு முகம் மலர்ந்தது. "ரோட்டில் அறுந்தது இந்த ஒயர் இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு லேன் கேபிளைத் திரும்பச் செருகினேன். பழையபடி ஃபைபருக்கு வந்ததும், மோடத்தின் பின்னால் பச்சை முனை உள்ள ஃபைபரை உருவினேன். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் மோடம் ஓடிக்கொண்டிருப்பதால், லைன் நன்றாக இருப்பதாகவே ரவுட்டர் நினைத்தது. இரண்டு நிமிடம் ஆகியும் மாறவில்லை. வெளியே உள்ள ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று ரவுட்டர் சும்மா சும்மா கேட்டுப் பார்க்கும்படி அமைத்தேன். மறுபடி பச்சை முனையை உருவினேன். கணக்கு எழுதுகிற பெண் வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டில் இன்வாய்ஸ் பக்கம் திறந்தது.