தேவாங்கின் பிடி

நத்தம் வட்டாரத்திலிருந்து எழுதும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். தேவாங்கு மரத்தில் வாழும் உயிர், குரங்கின் உறவு என்று படித்திருக்கிறோம். அப்படியிருக்க, அது ஏன் தரையில் இறங்கிச் சாலையைக் கடந்து வண்டியில் அடிபடுகிறது, குரங்கைப்போல் ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குத் தாவிவிடக்கூடாதா என்பது முதல் கேள்வி. தோட்டத்து வேலியில் தேவாங்கைக் கண்டால் என்ன செய்வது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம்: தேவாங்கால் தாவ முடியாது. ஆனால் ஏன் முடியாது என்பதில்தான் அந்த உயிரின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. அதைக் காப்பாற்றும் வழியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

நம் பகுதியில் வாழ்வது சாம்பல் நிறத் தேவாங்கு. எடை கால் கிலோவை ஒட்டி இருக்கும். வெளியே தெரியும்படியான வால் கிடையாது. பகலில் முட்புதரின் அடர்ந்த கிளைகளுக்குள் சுருண்டு உறங்கி, இருட்டிய பிறகு இரை தேடக் கிளம்பும். அழகர்மலை, கரந்தமலை, சிறுமலை, அய்யலூர், கடவூர் என்று மதுரைக்கு வடக்கே விரியும் வறண்ட குன்றுகளும், அவற்றின் அடிவாரத்து உசிலை, வெள்வேல், கிளுவைக் காடுகளும் அதன் வீடு. அய்யலூர்க் காட்டில் 1990களின் இறுதியில் இரவிரவாக இவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த அன்னா நெகாரிஸ், அவை உண்பதில் ஏறத்தாழ 96 விழுக்காடு எறும்பு, கறையான், வண்டு போன்ற சிற்றுயிர்களே என்று பதிவு செய்தார். பயிரோரத்துப் பூச்சிகளைத் தின்னும் இவ்விலங்கு உழவருக்குத் தீங்கு செய்வதில்லை.

இனி அதன் கையைப் பார்ப்போம். கட்டை விரல் மற்ற விரல்களிலிருந்து வெகுவாக விலகி எதிர்ப்பக்கம் நிற்க, ஆள்காட்டி விரல் குறுகிப்போயிருக்கும். இரண்டும் சேர்ந்ததால் அகலமாகத் திறந்து கிளையை முழுமையாகச் சுற்றி வளைக்கும் பிடி அதற்குக் கிடைத்திருக்கிறது. பின்கால்களும் அப்படியே. பின்கால்களால் மட்டும் கிளையைப் பற்றிக்கொண்டு உடலைக் காற்றில் நீட்டி, இரண்டு கைகளாலும் ஒரு பூச்சியை அது லாவிப் பிடிக்கும். அப்படி நீட்டிய நிலையிலேயே அசையாமல் நெடுநேரம் இருக்கவும் அதனால் முடியும். என்னை மிகவும் ஈர்ப்பது இந்தக் கடைசிச் செய்திதான், ஏனென்றால் உடலியல்படி இது அவ்வளவு எளிதான காரியமன்று.

நீர் நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்ற எவருக்கும் இதன் கடினம் தெரியும். நடக்கும்போது தசை சுருங்கியும் விரிந்தும் மாறி மாறி இயங்குவதால், விரியும் ஒவ்வொரு முறையும் இரத்தம் உள்ளே பாய்ந்து ஆக்சிஜனைக் கொடுத்துக் கழிவை அள்ளிச் செல்கிறது. இறுகப் பற்றியபடியே இருக்கும் தசையோ, தனக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெருக்குகிறது; இரத்த ஓட்டம் குறைகிறது, ஆக்சிஜன் இன்றி ஆற்றலை எடுக்க வேண்டிய நிலை வருகிறது, கழிவு தேங்குகிறது, சில நிமிடங்களில் விரல்கள் தாமாகத் தளர்ந்துவிடுகின்றன. தேவாங்குக்கு அந்தத் தளர்ச்சி எளிதில் வருவதில்லை.

இதற்கான தடயத்தை முதலில் கண்டவர் ஆன்டனி கார்லைல் என்னும் லண்டன் அறுவை மருத்துவர். நீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்ததாகப் பள்ளிப் பாடத்தில் வரும் சோதனையை 1800ஆம் ஆண்டில் நிக்கல்சனுடன் சேர்ந்து செய்த அதே கார்லைல்தான். அதே ஆண்டில் அவர் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய இன்னொரு கட்டுரையில், தேவாங்கு இனத்தைப் போன்ற மெதுவாக நகரும் விலங்குகளின் கைகால்களுக்குச் செல்லும் தமனிகள் மற்ற விலங்குகளில் உள்ளவை போல் இல்லை என்று காட்டினார். நம் கையில் தோளிலிருந்து ஒரு பெரிய தமனி இறங்கி, போகும் வழியில் கிளை விடுகிறது. தேவாங்கின் கையிலோ, துடைப்பத்தின் ஈர்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியதுபோல, தமனி கையின் தொடக்கத்திலேயே மெல்லிய பல குழாய்களாகப் பிரிந்து, அவை ஒன்றையொன்று ஒட்டியபடி நெடுக இறங்குகின்றன. திரும்பி வரும் சிரைகளும் அந்தக் கட்டுக்குள்ளேயே ஊடாடி வருகின்றன. உடலியலார் இந்த அமைப்பை ரீட்டே மிராபிலே, அதாவது வியத்தகு வலை என்று அழைக்கிறார்கள்.

இது எதற்காக என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. கார்லைல் காலந்தொட்டு வருவது, நெடுநேரப் பிடிக்கும் இந்த இரத்தக்குழாய்க் கட்டுக்கும் தொடர்பு உண்டு என்பது. தசை இறுகிய நிலையிலும் இரத்தம் ஏதோ ஒரு வழியாகப் போய்ச் சேர இந்தப் பல குழாய் அமைப்பு உதவும் என்று அதைக் கொள்ளலாம். இரண்டாவது விளக்கம் வெப்பத்தைப் பற்றியது. உடலின் நடுவிலிருந்து வெதுவெதுப்பான இரத்தம் தமனிகளில் இறங்குகிறது. விரல் நுனியிலிருந்து குளிர்ந்த இரத்தம் சிரைகளில் ஏறுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஒட்டி ஓடுவதால், இறங்கும் இரத்தத்தின் வெப்பம் வழியிலேயே ஏறும் இரத்தத்துக்கு மாறி உடலுக்குத் திரும்பிவிடுகிறது. கை குளிர்ந்தே இருக்கும். உடல் வெப்பத்தை இழக்காது. நீரில் நிற்கும் பறவைகளின் காலிலும் இதே ஏற்பாடு வேலை செய்கிறது. தன் எடையுள்ள பிற பாலூட்டிகளைவிடக் குறைந்த ஆற்றலில் உடலை நடத்தும் தேவாங்குக்கு, மார்கழிக் குளிரில் பாறைக் குன்றின் மேல் இரவு முழுவதும் விழித்திருக்க இந்தச் சிக்கனம் மிகவும் பயன்படும். இந்த இரண்டு விளக்கங்களும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது என் எண்ணம். குளிர்ந்த தசை குறைவான ஆக்சிஜனைக் கேட்கும், குறைவாகக் கேட்கும் தசை நெடுநேரம் பிடித்திருக்கும்.

இந்தப் பிடிக்கு ஒரு விலை உண்டு. தாவும் குரங்குக்குப் பின்கால்கள் நீண்டு உந்தித் தள்ளும். வால் சமநிலை தரும். தேவாங்குக்குக் கைகளும் கால்களும் ஏறக்குறைய ஒரே நீளம், வாலும் இல்லை. அவசரமானால் அதனால் வேகமாகவும் நகர முடியும் என்றாலும், எல்லாக் கைகால்களும் ஒரே நேரத்தில் கிளையை விட்டு விலகும் தருணம் அதன் நடையில் இல்லை. எதிரியைக் கண்டால் அசைவற்று நிற்பது அதன் தற்காப்பு வழிகளில் ஒன்று. மரத்தின் மேல் அந்த அசைவின்மை ஆந்தையிடமிருந்தும் காட்டுப்பூனையிடமிருந்தும் காக்கிறது. கிளைகள் தொடாத இடத்தில் வேறு வழியின்றித் தரையில் இறங்கிச் சாலையின் நடுவே வரும்போது, லாரியின் விளக்கொளியைக் கண்டும் அது அதையே செய்கிறது.

ஆகவே தேவாங்கின் காட்டை அளப்பதற்கு ஹெக்டேர் மட்டும் போதாது. கிளை கிளையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் அது. அடுத்த மாதமே மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாயின. அங்கும் தேவாங்கு உண்டு. இரண்டும் மனமார வரவேற்க வேண்டிய முடிவுகள். ஆனால் ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் இடையில் கிடப்பது சரணாலயமன்று. தோட்டமும் மானாவாரி நிலமும் ஊர்ப்பாதையும்தான். அந்த இடைவெளியைத் தலைமுறைகளாக இணைத்து வந்தவை கிளுவையும் கள்ளியும் முள்மரங்களும் பின்னிய உயிர்வேலிகள். வேலியை வெட்டிக் கல்தூண் ஊன்றி முள்கம்பி இழுக்கும் ஒவ்வொரு இடத்திலும் தேவாங்கின் பாதை ஒன்று அறுந்துபோகிறது. பாதை அறுந்தால் குன்றுக்குள் அடைபட்ட சிறு கூட்டம் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கி வலுவிழக்கும் என்பது பாடநூல் சொல்லும் செய்தி.

வேலியைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது நம்பிக்கைகள். தேவாங்கைக் கண்டால் தரித்திரம் என்று கல்லால் அடிப்பவர்களும், அதன் உடல் உறுப்புகளில் மாந்திரீக ஆற்றல் இருப்பதாக நம்பி விலை கொடுப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இருட்டில் எரியும் அந்தக் கண்களே இந்த அச்சத்துக்கு மூலம் என்று நினைக்கிறேன். விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒளிரும் படலம், ஒருமுறை தப்பிப்போன ஒளியைத் திருப்பி அனுப்பி, மீண்டும் ஒருமுறை விழித்திரையின் வழியே செலுத்துகிறது. அங்கும் தப்பிய மிச்சம்தான் நம் கண்ணுக்குச் செம்மஞ்சளாகத் தெரிகிறது. இதே வேலையைச் செய்யும் படலம் மாட்டின் கண்ணிலும் பூனையின் கண்ணிலும் உண்டு. கணக்கெடுப்பாளர்கள் அந்த ஒளியை வைத்தே தேவாங்கை எண்ணுகிறார்கள். அதன் கண்ணுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைக்காது என்பதால் தலைவிளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு இரவில் காட்டுப்பாதைகளில் நடக்கிறார்கள். பெரிய கருவி எதுவும் தேவைப்படாத, ஆனால் ஆள் பலமும் ஆண்டுக்கணக்கில் பொறுமையும் கேட்கும் வேலை இது. புலிக்கும் யானைக்கும் தேசியத் திட்டங்கள் இருப்பதைப்போல இந்தச் சிறு விலங்குக்கு இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துபோகும் நிதியைக் கொண்டு ஒரு கூட்டம் பெருகுகிறதா தேய்கிறதா என்று அறிவது கடினம். உள்ளூர் இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்துத் தொடர்ந்து எண்ணச் செய்ய ஆகும் செலவு, சாலை விரிவாக்கத்துக்கு ஆகும் செலவில் கண்ணுக்குத் தெரியாத பங்கு.

சாலைகளுக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டலாமே என்று கேட்கலாம். வால்பாறையில் சிங்கவால் குரங்குகளுக்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். தேவாங்குக்குக் கட்டும்போது அதன் கையை அளந்து கட்ட வேண்டும்: விரல்கள் சுற்றி வளைக்கும் தடிமன், நடுவில் எங்கும் விட்டுப்போகாத தொடர்ச்சி, இரு முனையும் வெறும் கம்பத்தில் முடியாமல் மரக்கிளைக்குள் போய்ச் சேர்வது. ஜாவா தீவின் மலைத்தோட்டங்களில் நெகாரிஸின் குழு, உழவர்களின் பாசனத்துக்கான நீர்க்குழாய்களையே மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிப் பார்த்தது. அங்குள்ள மந்தத் தேவாங்குகள் அவற்றைப் பாலமாகப் பயன்படுத்தின. உழவருக்கும் விலங்குக்கும் ஒரே குழாய் உதவும் இந்த ஏற்பாட்டை நம் தோட்டங்களிலும் முயன்று பார்க்கலாம். அதைவிட எளிது, இருக்கும் கிளுவை வேலியை வெட்டாமல் விடுவது.

வேலியில் தேவாங்கைக் கண்டால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். அது வழிதவறி வந்ததன்று, அந்த வேலியே அதன் வழி. படம் எடுப்பதற்காகப் பலத்த வெளிச்சத்தை முகத்தில் அடிக்க வேண்டாம். கிளையில் தனியாக ஒரு குட்டி இருந்தால் கைவிடப்பட்டது என்று எடுத்து வந்துவிடாதீர்கள். தாய் இரை தேடப் போகும்போது குட்டியைக் கிளையில் விட்டுப் போவதே அவற்றின் வழக்கம். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்பதால், பிடிப்பதும் வளர்ப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வனத்துறையினர் வரும்வரை, அது பற்றியிருக்கும் கிளையிலிருந்து விரல்களைப் பிரித்தெடுக்க யாரையும் விடாதீர்கள்.