மணி பிளான்ட்டின் நுனியைக் கிள்ளினால் என்ன நடக்கிறது?

கூடத்து மூலையில் தொங்கும் மணி பிளான்ட் ஆறடி நீண்டிருக்கும்; இலையோ பத்துகூடத் தேறாது. உரம் போதவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் போதாதது வெளிச்சம்தான். ஒளி தேடும் கொடி இலையைப் பெருக்காமல் தண்டை நீட்டிக்கொண்டே போகும்.

மொட்டையாகத் தெரியும் அந்தத் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் கிளையாகத் துளிர்க்கக்கூடிய ஒரு மொட்டு உறங்குகிறது. இலை உதிர்ந்த கணுவிலும் பெரும்பாலும் அது உயிரோடுதான் இருக்கும். அதை எழவிடாமல் வைத்திருப்பது கொடியின் நுனி. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். நுனியின் இளந்தளிர்கள் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது மணிக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வேகத்தில் தண்டு வழியே கீழிறங்கும். 1930களில் கென்னத் திமன், ஃபோக் ஸ்கூக் என்ற தாவர ஆய்வாளர்கள் ஓர் அவரை வகையின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டுவாயில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனியே இல்லாதபோதும் பக்க மொட்டுகள் அடங்கியே கிடந்தன!

இதில் எனக்குப் பெரிய வியப்பு, அந்த ஆக்சின் மொட்டுக்குள் போவதே இல்லை என்பதுதான். தண்டில் இருந்தபடியே, மொட்டை எழுப்பும் சைட்டோகைனின் என்ற ஹார்மோனைக் குறைத்து, அடக்கிவைக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. 2014இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நுனி போனதும், அது இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்குக் கிடைக்கிறது. ஆக்சின் குறையும் முன்பே மொட்டு விழித்துவிடுகிறது.

துவரைக்கும் செண்டுமல்லிக்கும் உழவர்கள் நுனி கிள்ளுவது பக்கக் கிளைகளுக்காகத்தான். ஆனால் மணி பிளான்ட் அவற்றைப் போல உடனே புதராகிவிடாது. வெட்டுக்குக் கீழே ஒன்றிரண்டு மொட்டுகள்தான் துளிர்க்கும். அவையே புது நுனிகளாகி மற்றவற்றை அடக்கத் தொடங்கும். ஆகவே கிள்ளுவதோடு நிறுத்தாதீர்கள். கணுவுக்குச் சற்று மேலே வெட்டி, வெட்டிய கொடியைத் துண்டு போட்டு அதே தொட்டியில் நட்டுவிடுங்கள். தொட்டி நிறைவது இந்தத் துண்டுகளால்தான். துண்டுக்கு ஒரு கணுவாவது வேண்டும். கணு இல்லாத இலை தண்ணீரில் வேர்விடலாம், கொடியாகாது. அதில் மொட்டே இல்லையே.

நட்டபின் தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், நேர் வெயில் மட்டும் வேண்டாம். பழைய மூலையிலேயே விட்டால் புதுத் துளிரும் அதேபோல நீளும்.