கமாண்டோ ஆக ஆசைப்படும் தம்பிகளின் கால் எலும்பு பற்றி

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக இருப்பவர்களுக்கு ராணுவக் கனவோடு வரும் பையன்கள் புதிதல்ல. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிற ஊர்கள் இங்கே நிறைய. முன்பெல்லாம் "ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஓடிப் பழகுறேன் சார், கால் வலிக்குது" என்றுதான் வருவார்கள். இப்போது சிலர் ஒரு படி மேலே போய்விட்டார்கள். "பாரா எஸ்.எஃப். போகணும் சார்" என்கிறார்கள், அதாவது ராணுவத்தின் பாராசூட் சிறப்புப் படைக்கு. சிலருக்கு மார்கோஸ், கடற்படையின் கமாண்டோ பிரிவு. சேற்றில் உருளுகிறவர்களையும், மரக்கட்டையைத் தோளில் சுமந்து ஓடுகிறவர்களையும் போனில் பார்த்து, அதையே ஏரிக்கரையில் செய்து பார்த்து, ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் நொண்டிக்கொண்டு வந்து சேர்கிறார்கள்.

ஆசையில் தப்பில்லை. ஆனால் தயாரிப்பு என்று அவர்கள் நினைத்துச் செய்வது, பரீட்சைக்குப் படிக்காமல் தினமும் பரீட்சையை மட்டும் எழுதிப் பார்ப்பது மாதிரி. சிறப்புப் படைத் தேர்வு ஆட்களைக் கழிப்பதற்காக வைக்கப்பட்டது. அதன் கொடுமையை வீட்டில் நடத்திப் பார்த்தால் உடம்பு வளராது. தேர்வு நாளுக்குச் சேர்த்து வைக்க வேண்டியதை முன்கூட்டியே செலவழித்துவிடுவீர்கள்.

முதலில் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். பாராசூட் ரெஜிமென்ட்டின் சிறப்புப் படைப் பிரிவுகளுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே ராணுவத்தில் இருக்கும் சிப்பாய்களும் அதிகாரிகளும் தாமாக முன்வந்து போகிறார்கள். அங்கே 'ப்ரொபேஷன்' என்கிற தேர்வுக் காலம் உண்டு. அதில் தேறாதவர்கள் பழைய பிரிவுக்கே திரும்பிவிடுவார்கள். அப்படித் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஆக்ராவில் பாராசூட் பயிற்சி தனியாக இருக்கிறது. இரவுக் குதிப்பு ஒன்றையும் சேர்த்து ஐந்து முறை குதிக்க வேண்டும். கடற்படையின் மார்கோஸ் 1987-இல் தொடங்கியது, விமானப்படையின் கமாண்டோ பிரிவான கருட் 2004-இல். தேசியப் பாதுகாப்புப் படையான என்.எஸ்.ஜி.யின் அதிரடிப் பிரிவுக்கு ராணுவத்திலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள். ஆக, பிளஸ் டூ முடித்த ஒரு பையனுக்கு முதல் வாசல் சாதாரண அக்னிவீர் தேர்வுதான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால், பத்து புல் அப் எடுத்தால் முழு மதிப்பெண். பட்டம் முடித்தவர்களுக்குப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி மாதிரியான வழிகள் உண்டு. எந்த வழியில் போனாலும் சிறப்புப் படையின் வாசலுக்குப் போய்ச் சேரக் காலம் பிடிக்கும். அந்தக் காலம் உங்களுக்கு லாபம்தான். அவசரப்பட இதில் ஒன்றுமே இல்லை.

எலும்பு மெதுவாகத்தான் வரும்

ஓடத் தொடங்கிய சில வாரங்களில் மூச்சு வசப்பட்டுவிடும். தசையும் ஓரளவு பின்னாலேயே வந்துவிடும். எலும்பு அப்படி வராது. புதிதாகச் சுமை ஏறும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கிறது, அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. கரைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டும் வேலைக்கு மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. இதில் சிக்கல் என்னவென்றால், "இப்போ நல்லா ஓட வருது" என்று உற்சாகம் பொங்கித் தூரத்தை இரட்டிப்பாக்குவதும் சரியாக அந்த வாரங்களில்தான். என்னிடம் வரும் பையன்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள்.

இது ஒன்றும் இன்றைக்கு வந்த நோய் இல்லை. 1855-இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிநடை போன சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். அது எலும்பில் விழுந்த விரிசல் என்று எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது. இன்றும் எல்லா நாட்டு ராணுவத்திலும் பயிற்சி முகாம்களில் ஆட்களை உட்கார வைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்பு ஓரமாக விரலால் அழுத்திக்கொண்டே இறங்குங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது 'ஷின் ஸ்ப்ளின்ட்' என்று பையன்கள் சொல்லும் எலும்பு உறை வலி. ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்கால் தசையைப் பலப்படுத்தினால் சரியாகும். ஒரே ஒரு இடத்தில், விரல் நுனி வைக்கிற அளவு இடத்தில் சுரீர் என்று வலித்தால், அந்தக் காலால் மட்டும் குதிக்க முடியவில்லை என்றால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், விரிசலைச் சந்தேகப்படுங்கள். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல் சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி மைதானத்துக்குப் போனவர்கள் உண்டு. சந்தேகம் வலுவாக இருந்தால் எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும்.

இன்னொரு வலியை மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஓடும்போது கவட்டையில், இடுப்புக்கு முன்பக்கம் ஆழமாக வருகிற வலி. தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விழுந்திருந்தால் அது முழுதாக உடைந்து விலகக்கூடும். அப்புறம் அறுவை சிகிச்சைதான், பட்டாளக் கனவும் அதோடு போய்விடலாம். இந்த வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

சரி, எப்படிக் கூட்டுவது? நான் சொல்வது இதுதான்: ஓராண்டாவது ஒதுக்குங்கள். வாரத்தின் பெரும்பாலான ஓட்டம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருக்கட்டும். வேகமான ஓட்டம் வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறையுங்கள். தார் ரோட்டை விட மண் பாதை நல்லது. முதுகுப் பையில் சுமை ஏற்றுவதைக் கடைசியாகத் தொடங்குங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பித்து, வாரம் ஒருமுறை, நடை மட்டும். சுமையோடு ஓட வேண்டிய நாள் ராணுவத்தில் தானாக வரும். அங்கே பையும் துப்பாக்கியுமாக ஓட வேண்டியிருக்கும். அதற்கு இப்போதே செங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதில்லை. நடுவில் கயிறு ஏறுதல், புல் அப், ஒற்றைக்கால் குந்துதல், இடுப்புத் தசைப் பயிற்சிகள். இவற்றை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை என்பதால் பையன்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

பட்டினி கிடந்து பயிற்சி எடுப்பதும் எலும்பைத்தான் தின்னும். எடை குறைய வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறார்கள். முட்டை, கடலை, ராகி, நெத்திலி, பால், வயிறு நிறையச் சோறு என்று சாப்பிட்டால் போதும், பவுடர் டப்பா அவசியமில்லை. வெயில் ஊரில் இருந்தாலும் வைட்டமின் டி குறைவாக இருப்பது இங்கே சாதாரணம். ராணுவக் காவல் பிரிவுக்குத் தயாராகும் பெண்பிள்ளைகளுக்கு ஒன்று: பயிற்சியால் மாதவிடாய் நின்றுபோனால் 'நல்லதுதானே' என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடு போதவில்லை, எலும்பு மெலிகிறது என்பதற்கு அது அடையாளம்.

வெயில், மாத்திரை, கிணறு

2013 ஜூலையில் வேல்ஸ் நாட்டின் பிரெகன் பீக்கன்ஸ் மலைப்பகுதியில் பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.ஸின் ரிசர்வ் பிரிவுக்கான தேர்வு நடந்தது. முதுகில் சுமையோடு 16 மைல் நடை. அதில் மூன்று பேர் உடல் வெப்பம் ஏறி இறந்தார்கள். அன்றைய வெப்பத்தை நம் ஊரில் யாரும் வெயில் என்றே சொல்ல மாட்டார்கள். கொன்றது வெளி வெயில் மட்டுமல்ல. சுமை தூக்கிக் கடுமையாக உழைக்கும் உடம்பு உள்ளே உண்டாக்கும் சூட்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். நிற்கக் கூடாது என்ற வெறியும் சேர்ந்தால் எச்சரிக்கை மணி காதில் விழாது.

வெயிலுக்கு உடம்பு பழக ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நேரத்தைக் கூட்ட வேண்டும். கூட ஓடுகிறவன் உளறினால், தள்ளாடினால், கோபப்பட்டால், 'எங்கே இருக்கோம்' என்று கேட்டால் அது வெப்பத் தாக்கு. 108-க்கு ஒருவர் கூப்பிடும்போதே இன்னொருவர் குளிர்விக்கத் தொடங்குங்கள். தொட்டி இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறக்குங்கள். இல்லாவிட்டால் குடம் குடமாக ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று நிழலில் படுக்கவைத்துக் காத்திருந்தால் மூளை தாங்காது. தாகத்துக்கு மீறித் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான். ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரலாம்.

ஆயிரம் பஸ்கி, ஐந்நூறு தண்டால் என்று பந்தயம் கட்டுவது இன்னொரு பைத்தியக்காரத்தனம். அளவுக்கு மீறினால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓடும் முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் வழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகள் நீரிழப்போடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. விரிசல் விட்ட எலும்பின் வலியையும் அதுவே மறைத்துவிடுகிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிப் போடாதீர்கள்.

மார்கோஸ் ஆசைக்காரர்களுக்குக் கிணறு. தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் மூச்சடக்க முடிகிறது என்று பார்க்க, முதலில் வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்துவிட்டு முங்குகிறார்கள். அப்படி இழுப்பதால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடிவிடாது. கரியமில வாயு மட்டும் குறைகிறது. 'மூச்சு விடு' என்று உடம்பை அவசரப்படுத்துவதே அந்தக் கரியமில வாயுதான். அது குறைந்துவிட்டதால் திணறல் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் இறக்கிறார்கள். தனியாகச் செய்யவே கூடாது. என்னைக் கேட்டால் கிணற்றில் வேண்டவே வேண்டாம். நீச்சல் தூரத்தைக் கூட்டுங்கள், மூச்சுப் பயிற்சியைப் படையில் பயிற்றுநர் முன்னால் கற்றுக்கொள்ளலாம்.

மனசு என்கிற விஷயம்

'மனசு கல்லு மாதிரி இருக்கணும்' என்று வீடியோக்களில் கத்துகிறார்கள். ஓய்வு நாள் என்று சொன்னால் ஓய்வெடுக்க முடியாத பையனுக்கு மன உறுதி இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவனுக்கு இருப்பது பதற்றம். மெதுவாக ஓட வேண்டிய நாளில் மற்றவன் முந்திப் போவதைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓடுவது சாதாரணக் கட்டுப்பாடு இல்லை.

அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் பிரிவுக்கான தேர்வில் 'நரக வாரம்' என்று ஒன்று உண்டு. ஞாயிறு மாலை தொடங்கி வெள்ளி வரை. அந்த நாட்கள் முழுக்கச் சேர்த்து மொத்தத் தூக்கமே நான்கு மணி நேரம் போல. விலக நினைப்பவர் மணியை மூன்று முறை அடித்துவிட்டுப் போகலாம். திங்கள் ராத்திரி குளிரில் நடுங்கும்போது வெள்ளிக்கிழமையை நினைப்பவனுக்கு அந்த மணி ரொம்பப் பக்கத்தில் தெரியும். அடுத்த சாப்பாடு வரைக்கும் என்று எண்ணுகிறவனுக்கு அவ்வளவு தெரியாது. இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே வளர்க்கலாம். நீண்ட நடையில் மொத்தத் தூரத்தை மறந்துவிட்டு அடுத்த மின்கம்பம் வரை, அடுத்த பாலம் வரை என்று போய்ப் பாருங்கள். பதற்றம் ஏறும்போது இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி மூச்சு விட்டால் இதயத் துடிப்பு இறங்கும். இது எளிது, தினமும் செய்தால்தான் தேவைப்படும்போது வரும்.

தூங்காமல் இருக்கப் பழகுகிறேன் என்று ராத்திரி முழுக்க விழித்திருப்பதில் பயனில்லை. தூக்கமின்மைக்கு உடம்பு பழகுவதில்லை. மாறாக, முன்கூட்டித் தூக்கத்தைச் சேர்க்கலாம். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு மையம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருந்தவர்கள், பின்னர் தூக்கம் குறைக்கப்பட்டபோது மற்றவர்களைவிடக் கவனம் தவறாமல் இருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் நான் சொல்வது ஒன்றே: பயிற்சியைப் பாதியாக்கு, நன்றாகத் தூங்கு.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்னாள் ராணுவத்தினரான அப்பாக்கள், மாமாக்கள் "எங்க காலத்துல வலியெல்லாம் பாத்தோமா" என்பார்கள். வலியோடு ஓடி வந்தவர்கள்தான் கதை சொல்ல இருக்கிறார்கள். கால் உடைந்து மருத்துவக் காரணத்தால் வீடு திரும்பியவர் அந்தக் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. தேர்வில் தேறாமல் வரும் பையனிடம் ஊரே 'என்னாச்சு' என்று கேட்கும்போது அவன் சுருங்கிப் போகிறான். சரியாகச் சாப்பிடாமல், பேசாமல், செத்துப்போகலாம் என்கிற மாதிரி எதையாவது சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒரு ரத்தப் பரிசோதனை. நீலகிரி மலைப்பகுதிப் பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் அணு ரத்தச் சோகைக் கூறு காணப்படுகிறது. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் பரம்பரை நோயின் மரபணு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருப்பதுதான் இந்தக் கூறு. அந்தக் கூறு மட்டும் இருப்பவர்கள் அன்றாட வாழ்க்கையில் நோயாளிகளே அல்ல. பல பேருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது. ஆனால் வெயிலில், நீரிழப்போடு, உச்ச வேகத்தில் தொடர்ந்து உழைக்கும்போது திடீரென்று சரிந்து விழும் ஆபத்து அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் பயிற்சியைத் தொடங்கும் முன் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் ஓடலாம். வேகத்தை இன்னும் மெதுவாகக் கூட்ட வேண்டும், இடையிடையே நின்று மூச்சு வாங்க வேண்டும், கூட ஓடுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.