கட்டாக்காலி: ‘ஃபெரல்’ என்ற சொல்லுக்கு ஈழத்தில் கிடைக்கும் தமிழ்

ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள ஆர்ன்ஹெம் லாண்டைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், முதல் பத்தியிலேயே ஒரு சொல் காலை வாரிவிடும். அங்கே பாறை ஓவியங்களை எருமைகளிடமிருந்து காக்கும் வேலையைப் பழங்குடியினரே முன்னின்று நடத்துகிறார்கள். அந்த எருமைகளுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபெரல்’ (feral) என்று அடைமொழி. அகராதியைப் பார்த்து ‘காட்டு’ என்று போட்டால் ‘காட்டெருமை’ வந்துவிடும். நம் வாசகர் மனத்தில் உடனே எழுவது கொடைக்கானல் பக்கம் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நிற்கும் காட்டுமாடு. காட்டுக்கே உரிய பிராணியை அந்தக் காட்டின் சொந்தக்காரர்கள் ஏன் ஹெலிகாப்டரில் ஏறிச் சுடுகிறார்கள் என்று அவர் திகைப்பார். குற்றம் அடைமொழியில் இருக்கிறது.

‘ஃபெரா’ என்றால் இலத்தீனில் காட்டு விலங்கு. மூர்க்கம் என்ற பொருளில் வரும் ‘ஃபியர்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. தொடக்கத்தில் ‘ஃபெரல்’ வெறும் ‘காட்டு’ என்றுதான் பொருள்பட்டது. பிறகுதான் ஒருகாலத்தில் மனிதன் வளர்த்து, அவன் கைவிட்டதால் அல்லது அவனிடமிருந்து தப்பியதால் தன்போக்கில் பெருகிய விலங்கு என்று பொருள் இறுகியது. புலி ஃபெரல் ஆகாது, ஆடு ஆகலாம். ஆக, இந்தச் சொல்லுக்குள் அறுந்துபோன ஒரு கயிறு இருக்கிறது. ‘காட்டு’ என்னும்போது அந்தக் கயிறு காணாமல் போகிறது.

ஆர்ன்ஹெம் லாண்டில் அந்தக் கயிற்றை அறுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1820களிலிருந்து மெல்வில் தீவிலும் கோபர்க் தீபகற்பத்திலும் குடியேற்றங்கள் அமைத்தபோது, இறைச்சிக்காகத் தென்கிழக்காசியத் தீவுகளிலிருந்து எருமைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். குடியேற்றங்கள் நிலைக்கவில்லை. கடைசியாக 1849இல் கோபர்க்கில் இருந்த போர்ட் எசிங்டன் குடியேற்றத்தையும் கைவிட்டுப் போனார்கள். எருமைகள் தங்கிவிட்டன. நம் ஊர்க் குட்டையில் கிடக்கும் எருமையும் அதுவும் ஒரே இனந்தான்.

சேற்றில் புரண்ட எருமை வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடும். கூரைபோல் நீண்டு நிற்கும் பாறைக்குடையின் நிழல்தான் வசதி. அந்தக் குடையின் சுவரில்தான் தலைமுறை தலைமுறையாகக் காவியாலும் வெண்களிமண்ணாலும் வரைந்த மீன்களும் கங்காருகளும் இருக்கின்றன. மீனின் முள்ளும் குடலும் தெரியும்படி வரைந்த ஓவியங்கள் அவற்றில் உண்டு. எருமைக்கு அரிப்பு. விலாவைச் சுவரில் வைத்துத் தேய்க்கிறது. சேறு ஓவியத்தில் அப்பிக்கொள்கிறது, நிறம் உதிர்கிறது, குளம்புகள் கிளப்பும் புழுதி மேலே உள்ள படங்களிலும் படிகிறது. வெளியே கடலோரச் சமவெளியில் அது நடந்து நடந்து போட்ட தடங்கள் வாய்க்காலாகி உப்புநீரை நன்னீர்ச் சதுப்புகளுக்குள் இழுத்துவிட்டன. பக்கத்திலுள்ள கக்காடு தேசியப் பூங்காவில் மெலலூக்கா என்ற சதுப்புநில மரங்கள் பட்டுப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆர்ன்ஹெம் லாண்டில் 2009இல் பழங்குடிப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட வார்ட்டெக்கென், சுமார் 14 லட்சம் ஹெக்டேர். அங்குள்ள பழங்குடி ரேஞ்சர்கள் ஓவியங்களைத் தேடிப் பதிவு செய்கிறார்கள், ஓவியங்களுக்கு எருமை அண்டாமல் வேலி போடுகிறார்கள், எருமைகளைச் சுட்டும் குறைக்கிறார்கள். ஆனால் அந்த மக்களுக்கு எருமை வெறும் பகையாளி அல்ல, கறியும் அதுதான். அந்தப் பக்கத்துக் குன்விஞ்கு மொழியில் அதற்கு ‘ஙனப்பரு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். (சொல்லின் முதலில் நிற்க அரிதாகவே வாய்ப்புக் கிடைக்கும் நம் ‘ங’வுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை இருக்கிறது!)

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘காடேறிய’ என்று ஒரு நண்பர் முன்மொழிந்தார். வாய்விட்டுப் படித்தால் காட்டேரி வந்து நிற்கிறாள். ‘தெருவில் திரியும்’ என்பது ஆள் நடமாட்டம் குறைந்த ஆர்ன்ஹெம் லாண்டுக்குப் பொருந்தாது.

ஈழத்துத் தமிழரிடம் நல்ல சொல் ஒன்று நெடுங்காலமாகப் புழங்குகிறது: கட்டாக்காலி. அவிழ்த்துவிட்ட மாடுகள் வயலில் இறங்கும்போது அங்கே பிரதேச சபைகள் விடும் அறிவித்தல்களில் பார்க்கலாம். ‘கட்டா’ என்பது கட்டப்படாத. ‘காலி’ என்பது மாடு. ‘கன்றுகாலி’ என்கிறோமே, அந்தக் காலி. ‘காலி இடம்’ என்பதில் வருவது அரபியிலிருந்து வந்த வேறு சொல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொறுப்பில்லாமல் சுற்றும் ஆளையும் கட்டாக்காலி என்று திட்டுவார்கள். ஆஸ்திரேலியரும் முரட்டு ஆளை ‘ஃபெரல்’ என்றே திட்டுகிறார்கள். இவ்வளவு ஒத்துப்போகும் இணை எளிதில் கிடைக்காது.

ஒரு குறையும் உண்டு. கட்டாக்காலி மாட்டுக்கு மாலையில் தேடிவர ஓர் உடைமையாளர் இருக்கக்கூடும். ஙனப்பருவுக்கு யாரும் இல்லை. அதனால் முதல் தடவை எழுதும்போது ‘தலைமுறைகளாகக் கட்டாக்காலியாகிவிட்ட எருமை’ என்று விரித்துவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்வேன். வளர்ப்பிலிருந்து விலகித் தன்போக்கில் திரியும் நெடுந்தீவுக் குதிரைகளுக்கும் கோடியக்கரைக் குதிரைகளுக்கும் அப்படியே.

பூனைக்குக் காலி என்பது பொருந்துமா என்று இலக்கணம் பார்ப்பவர்கள் கேட்பார்கள். கட்டாக்காலி நாய் என்று ஈழத்தில் எப்போதோ எழுதத் தொடங்கிவிட்டார்கள், பூனைக்கு மட்டும் ஏன் தடை? மேற்கு ஆஸ்திரேலியப் பாலையில் கிவிர்க்குரா என்ற ஊரின் பிண்டுபிப் பழங்குடி வேட்டைக்காரர்கள் மணலில் பூனையின் தடத்தைப் பிடித்துத் தொடர்ந்துபோய் அதைக் கொல்கிறார்கள். பில்பி போன்ற அருகிவரும் சிறு பிராணிகளுக்கு அதனால் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது. கொன்ற கட்டாக்காலிப் பூனையை வீணாக்குவதில்லை. நெருப்பில் வாட்டிச் சாப்பிடுகிறார்கள்.