காக்பிட்ல ஏன் எல்லாத்தையும் வாய்விட்டு சொல்றாங்க?

பரங்கிமலை மேல சர்ச் பக்கத்துல நின்னா கீழ மீனம்பாக்கம் ரன்வே நல்லா தெரியும், சாயங்காலத்துல ப்ளேன் பாக்குறதுக்குன்னே அங்க ஏறுறவங்க உண்டு. மேல இருந்து பாத்தா எல்லா டேக் ஆஃபும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா அந்த ஒரு நிமிஷத்துல உள்ள முன்னாடி காக்பிட்ல உக்காந்திருக்கிற ரெண்டு பைலட்டும் மாத்தி மாத்தி என்ன சொல்லிக்கிறாங்க, ஏன் சொல்லிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா ப்ளேன் பாக்குற விதமே மாறிடும். ஆட்டோபைலட் பத்தி எல்லாரும் பேசுறாங்க, என்னைக் கேட்டா காக்பிட்ல அதைவிட பெரிய பாதுகாப்பு அந்த ரெண்டு பேரோட வாய்தான்.

முதல்ல ஒரு விஷயம். கேப்டன்தான் எப்பவும் ஓட்டுவாரு, கோ-பைலட் சும்மா உக்காந்திருப்பாருன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி கிடையாது. ஒரு ட்ரிப்புக்கு ஒருத்தர் பைலட் ஃப்ளையிங், இன்னொருத்தர் பைலட் மானிட்டரிங், அடுத்த ட்ரிப்புக்கு பெரும்பாலும் மாத்திப்பாங்க. மானிட்டரிங்ல இருக்கிறவர் ரேடியோ பேசணும், செக்லிஸ்ட் படிக்கணும், முக்கியமா ஓட்டுறவர் தப்பு பண்றாரான்னு கண்ணு எடுக்காம பாக்கணும். கன்ட்ரோல் கை மாறும்போது 'ஐ ஹேவ் கன்ட்ரோல்', 'யூ ஹேவ் கன்ட்ரோல்'னு ரெண்டு பக்கமும் சொல்லியே ஆகணும், இல்லன்னா ரெண்டு பேரும் ஓட்டுவாங்க இல்ல யாருமே ஓட்ட மாட்டாங்க. 2009 ஜனவரி 15 நியூயார்க்ல பறவைக் கூட்டம் மோதி ரெண்டு இன்ஜினும் பவர் போச்சே, அப்போ ஓட்டிட்டு இருந்தது கோ-பைலட். கேப்டன் 'மை ஏர்கிராஃப்ட்'னாரு, கோ-பைலட் உடனே 'யுவர் ஏர்கிராஃப்ட்'னாரு. அவ்ளோ பதட்டத்துலயும் அந்த ரெண்டு வார்த்தை விட்டுப்போகல. ஹட்சன் ஆத்துல இறக்கி 155 பேரும் பிழைச்சாங்க.

இப்போ நம்ம மீனம்பாக்கத்துக்கு வருவோம். மெயின் ரன்வேக்கு ஒரு பக்கம் 07, எதிர் பக்கம் 25னு நம்பர், திசைகாட்டியில 70 டிகிரி, 250 டிகிரின்றதை சுருக்கி எழுதினது. காத்துக்கு எதிரா ஓடினாதான் சீக்கிரம் ஏற முடியும், அதனால மேக்காத்து அடிச்சா 25, கடல் காத்து உள்ள வந்தா 07. வெயில் காலத்துல காலையில மேக்காத்து, மத்தியானம் கடல் காத்துன்னு திடீர்னு மாறும், அப்போ கிளம்ப ரெடியா இருந்த பைலட் போட்ட கணக்கு எல்லாத்தையும் திரும்ப போட்டு திரும்ப வாய்விட்டு பேசிக்கணும், என்ன ஸ்பீடு, இன்ஜின் போனா எந்தப் பக்கம் திரும்புறதுன்னு எல்லாம். மே மாசத்து 40 டிகிரி வெயில்ல காத்து லேசாகி இன்ஜின் இழுவையும் ரெக்கையோட தூக்கலும் குறையும்ன்றதால அந்த கணக்கு சும்மா ஃபார்மாலிட்டி கிடையாது.

ஓட ஆரம்பிச்சதும் ஏர்பஸ் ஏ320 விமானத்துல மானிட்டரிங் பண்றவர் 'ஒன் ஹண்ட்ரட்'னு சொல்லுவாரு, ஓட்டுறவர் 'செக்ட்'னு பதில் சொல்லுவாரு. 100 நாட்ஸ், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர். இந்த ஒரு கேள்வி பதில்ல நிறைய வேலை நடக்குது. ரெண்டு பேர் முன்னாடியும் தனித்தனியா ஸ்பீடு மீட்டர் இருக்கு, ஸ்பீடு அளக்க வெளிய வச்சிருக்கிற பிட்டோ குழாய்ல பூச்சி கூடு கட்டி அடைச்சிருந்தா ரெண்டும் ஒத்துப்போகாது, அது இங்க மாட்டிக்கும். இதுக்கு அப்புறம் சின்ன சின்ன கோளாறுக்கு நிறுத்தக் கூடாது, தீ, இன்ஜின் போறது, பறக்கவே முடியாதுன்ற மாதிரி விஷயத்துக்குதான் நிறுத்தணும்ன்ற எல்லைக்கோடும் இதுதான். மூணாவதா, பதில் வரலன்னா பக்கத்துல இருக்கிறவருக்கு மயக்கமா, மாரடைப்பான்னு யோசிக்கணும். எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது இந்த மூணாவதுதான்.

அடுத்தது 'வி-ஒன்'. வெயிட், வெயில், ரன்வே நீளம் எல்லாத்தையும் பொறுத்து ஒவ்வொரு தடவையும் மாறுற ஸ்பீடு, 140 நாட்ஸ்னு வச்சுக்கோங்க, மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர். அதைத் தாண்டிட்டா மிச்ச ரன்வேக்குள்ள நிக்க முடியும்ன்ற உத்தரவாதம் கிடையாது, ஒரு இன்ஜின் போனாலும் ஏறியே ஆகணும். அதுவரைக்கும் இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கிற த்ரஸ்ட் லீவர் மேல கை வச்சிருந்த கேப்டன் 'வி-ஒன்' கேட்டதும் கையை எடுத்துடுவாரு. பழக்க தோஷத்துல கை பின்னாடி இழுத்துடக் கூடாதுன்னுதான் அது.

செக்லிஸ்ட்லயும் இதே கதைதான். பைலட் முதல்ல வேலையை மனப்பாடமா கை போற வரிசையில செஞ்சு முடிச்சுடுவாரு, அப்புறம் செய்ததை சரிபாக்கத்தான் லிஸ்ட். 'ஃப்ளாப்ஸ்?'னு, அதாவது தூக்கலைக் கூட்ட ரெக்கை பின்னாடி வெளிய வர்ற பலகை எவ்ளோ வந்திருக்குன்னு கேட்டா 'ஓகே'ன்னு சொல்லக் கூடாது, மீட்டர்ல என்ன காட்டுதோ அதைப் பாத்து அந்த நம்பரைத்தான் சொல்லணும். பாக்காம வாய் மட்டும் சொன்னா என்ன ஆகும்? 2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட்ல ஸ்பேன்ஏர் விமானம். ஃப்ளாப்ஸ் வெளிய வரவே இல்ல, ஆனா காக்பிட் ரெக்கார்டிங்ல கோ-பைலட் 'பதினொண்ணு'னு இருக்க வேண்டிய நம்பரை சொல்றாரு. எச்சரிக்கை மணியும் அடிக்கல. 154 பேர் செத்துப்போனாங்க.

கை வைக்கிற விஷயமும் அப்படித்தான். இன்ஜின் போயிடுச்சுன்னா பதறி உடனே எதையும் ஆஃப் பண்ணக் கூடாது, ஏர்பஸ்ல 400 அடி ஏறுற வரைக்கும் ஓட்டுறதும் சக்கரத்தை மடக்குறதும்தான் வேலை. அப்புறமும் ஒருத்தர் லீவர் மேல கை வச்சு எந்த இன்ஜின்னு சொல்லணும், இன்னொருத்தர் பாத்துட்டு 'கன்ஃபர்ம்'னு சொன்னாதான் அசைக்கலாம், நம்ம எம்டிசி டிரைவர் கண்டக்டர் விசில் வராம வண்டி எடுக்க மாட்டாரே, அந்த மாதிரி. 2015 பிப்ரவரி 4 தைபேல ட்ரான்ஸ்ஏசியா விமானத்துல இது நடக்கல, நல்லா ஓடிட்டு இருந்த இன்ஜினை கேப்டனே நிறுத்திட்டாரு, 58 பேர்ல 43 பேர் போயிட்டாங்க.

ஆனா கேக்குறவர் கேட்டும் சீனியர் காதுல வாங்கலன்னா? 1977 மார்ச் 27 ஸ்பெயினோட டெனரிஃப் தீவுல பனிமூட்டத்துல கேஎல்எம் ஏர்லைனோட ஜம்போ ஓட ஆரம்பிச்சதும் ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டாரு, அந்த பான் ஆம் விமானம் இன்னும் ரன்வேய விட்டு போகலையான்னு. கேப்டன் 'போயிடுச்சு'ன்னு அழுத்திச் சொன்னாரு, அதுக்கு மேல இன்ஜினியர் பேசல. ரெண்டு விமானமும் மோதி 583 பேர் செத்துப்போனாங்க. நம்ம ஊர்லயும் கோ-பைலட் கேப்டனை 'சார்'னுதான் கூப்பிடுவாங்க, அந்த மரியாதை இருக்கட்டும், ஆனா 'சார், ஸ்பீடு'ன்னு சொல்ற தைரியமும் அதே குரல்ல இருக்கணும். இந்த மாதிரி விபத்துங்களுக்கு அப்புறம்தான் 1979ல நாசா கூட்டின கூட்டத்துல இருந்து க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்ன்ற, காக்பிட்ல ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் கேட்டு சேர்ந்து வேலை செய்யப் பழக்குற பயிற்சி வளர்ந்துச்சு. இப்போ பெரும்பாலான ஏர்லைன்ல லேண்டிங்ல ரெண்டு பேர்ல யாரு 'கோ அரவுண்ட்'னு சொன்னாலும் ஓட்டுறவர் திரும்ப மேல ஏத்தணும், ஏன் எதுக்குன்னு விவாதம் எல்லாம் மேல போனதுக்கு அப்புறம்தான்.

தரையிலயே பயிற்சி கொடுக்குற போலி காக்பிட்டான சிமுலேட்டர்ல இதையெல்லாம் திரும்பத் திரும்ப ஊறப்போடுவாங்க. சில சமயம் இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தர்கிட்ட மட்டும் ரகசியமா 'மயங்கின மாதிரி இருங்க'ன்னு சொல்லிடுவாரு, இன்னொருத்தருக்குத் தெரியாது. ஒரு தடவை கூப்பிட்டா பதில் இல்ல, ரெண்டாவது தடவையும் இல்லன்னா அதுக்கு மேல காத்திருக்கக் கூடாது, 'ஐ ஹேவ் கன்ட்ரோல்'னு தனக்கே சத்தமா சொல்லிட்டு ப்ளேனை எடுத்துக்கணும். அப்புறம் கேபின் க்ரூவை உள்ள கூப்பிட்டு, மயங்கினவர் கன்ட்ரோல் மேல சாயாம பெல்ட்டை இறுக்கி சீட்டை பின்னாடி தள்ளச் சொல்லணும், ரேடியோல அவசரம்னு சொல்லி கிட்ட இருக்கிற ஏர்போர்ட் கேக்கணும்.