அது கேஸ் இல்லை சார்

நெஞ்சு வலியை 'கேஸ்', அதாவது வாயுத் தொல்லை, என்று நினைத்துக்கொண்டு இந்த வாரமும் ஒருவர் வந்தார். சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை, வயது நாற்பதைத் தொடவில்லை. மதியமே நெஞ்சு அடைத்து வியர்த்திருக்கிறது, ஆனால் அன்றைக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ் என்பதால் ஒரு அசிடிட்டி மாத்திரையும் சோடாவும் குடித்துவிட்டு, வேலையை முடித்து, ராத்திரி தானே பைக் ஓட்டிக்கொண்டு எமர்ஜென்சிக்கு வந்து "கேஸ் டிரபிள் டாக்டர்" என்கிறார்.

அந்த 'கேஸ்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. இதயத்தின் அடிப்பகுதியில் அட்டாக் வந்தால் மேல்வயிற்றில் வலிக்கலாம், குமட்டலாம், வாந்திகூட வரலாம். ஏப்பம் விட்டதும் லேசானது, மாத்திரை போட்டதும் குறைந்தது என்பதையெல்லாம் வைத்து டாக்டர்களே 'இது இதயம் இல்லை' என்று முடிவு கட்டுவதில்லை, நீங்கள் எப்படிக் கட்டுகிறீர்கள்? வலி என்றே இருக்க வேண்டியதில்லை: பாரம், இறுக்கம், தாடையில் குடைச்சல், சர்க்கரைக்காரர்களுக்கு வெறும் வியர்வையும் மூச்சு வாங்கலும் போதும். ஒரு ஈசிஜி நார்மல் என்றதும் எழுந்து ஓடவும் வேண்டாம். திரும்ப எடுப்பதும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை பார்ப்பதும் பில்லை ஏற்றுவதற்காக இல்லை.

டென்ஷன் இதயத்தை என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்கள் மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம், பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதெல்லாம் முதலாளிகளுக்கு வரும் வியாதி என்றும் நினைக்காதீர்கள். லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், இதய நோயால் அதிகம் செத்தது கீழ்நிலை ஊழியர்கள்தான்.

பிபியை லீவு நாளில் மட்டும் பார்க்காதீர்கள், வேலை நாளிலும் பாருங்கள். சிலருக்கு ஆஸ்பத்திரியில் நார்மல், ஆபீஸில் எகிறும். டீக்கடை சிகரெட்டை விடுங்கள், 'ஸ்ட்ரெஸ்ஸுக்கு ஒண்ணே ஒண்ணு' என்ற கணக்கெல்லாம் வேண்டாம். நெஞ்சில் ஏதாவது செய்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், பைக்கைத் தொடாதீர்கள். ஊர்ப்பக்கம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போங்கள், 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் டோஸ் மாத்திரைகளை அங்கேயே தருகிறார்கள்.

அப்புறம் டீம் லீடர்களே, உங்கள் ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பர்மிஷன் கேட்டால் "ஹேண்ட்ஓவர் முடிச்சிட்டுப் போ" என்று சொல்லாதீர்கள். தயவுசெய்து கூட ஒருவரை அனுப்புங்கள்.